நாராவுக்கு விடியலில் போங்கள்: இரண்டு நாள் பயணத்துக்கு முழுமையான வழிகாட்டி

நாரா ஊர்க்காரர்கள் ஏன் சீக்கிரம் எழுகிறார்கள் என்பதற்கு ஜப்பானில் ஒரு பழங்கதை சொல்வார்கள். இந்த ஊரில் மான் என்பது தெய்வத்தின் தூதர். மானைக் கொன்றவனுக்கு மரண தண்டனை என்றிருந்த காலம். காலையில் கதவைத் திறக்கும்போது வாசலில் மான் செத்துக் கிடந்தால் வீட்டுக்காரன் கதி அதோகதி. அதனால் ஊரே இருட்டோடு எழுந்து வாசலைப் பார்க்குமாம். மான் கிடந்தால் ஓசைப்படாமல் அடுத்த வீட்டு வாசலுக்கு நகர்த்திவிட்டு, ஒன்றும் தெரியாதவர்போல் கதவைச் சாத்திக்கொள்ளுமாம். கடைசியாக எழுந்தவன் தலையில்தான் பழி.

கதையில் உண்மை எவ்வளவோ, நாராவுக்குப் போகிறவர்களுக்கு அதில் நல்ல யோசனை இருக்கிறது. கியோட்டோவிலோ ஒசாகாவிலோ தங்கிக்கொண்டு, காலை பத்து மணிக்கு ரயிலில் வந்து இறங்கி, மானுக்கு பிஸ்கட் போட்டு, பெரிய புத்தரைப் பார்த்து, நான்கு மணிக்குத் திரும்பிவிடுவதுதான் பெரும்பாலோரின் வழக்கம். நானும் முதல்முறை அப்படித்தான் போனேன். பார்த்தவற்றில் பாதி, எனக்கு முன்னால் நின்றவர்களின் பின்னந்தலைகள். கையிலிருந்த ஊர் வரைபடத்தை ஒரு மான் பிடுங்கித் தின்றது. இரண்டாம் முறை இரண்டு இரவுகள் தங்கினேன். காலை ஏழு மணிக்கும் மாலை ஐந்து மணிக்குப் பிறகும் நான் பார்த்தது வேறு ஊர். இந்த வழிகாட்டி அந்த இரண்டாம் பயணத்தின் அடிப்படையில் எழுதியது.

படி 1: எப்போது போவது என்று முடிவு செய்யுங்கள்

செர்ரி பூக்கும் காலம் மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் முதல் வாரம் வரை. இலைகள் சிவப்பது நவம்பர் நடுவிலும் கடைசியிலும். இரண்டும் அழகு, இரண்டிலும் கூட்டம், அறை வாடகையும் ஏறியிருக்கும். ஏப்ரல் கடைசியிலிருந்து மே முதல் வாரம் வரை ஜப்பானியர்களுக்கே தொடர் விடுமுறை. அப்போது போகாமல் இருப்பதே நல்லது. ஜூன் முதல் ஜூலை நடுப்பகுதி வரை மழை. ஆகஸ்டில் புழுக்கம், மலைகள் சூழ்ந்த பள்ளத்தில் இருக்கும் ஊர் என்பதால் காற்று அசையாது.

என்னைக் கேட்டால் மார்ச் முதல் இரு வாரங்களைச் சொல்வேன். மார்ச் 1 முதல் 14 வரை, பெரிய புத்தர் இருக்கும் தோதாய்ஜி கோயிலின் நிகாட்சுதோ மண்டபத்தில் ‘ஒமிசுதோரி’ நடக்கிறது. இரவில் துறவிகளுக்கு வழிகாட்டும் பெரிய பந்தங்கள் மேல்மாடத்துக்கு ஏறும். அவற்றிலிருந்து உதிரும் தீப்பொறிகள் கீழே நிற்கும் மக்கள்மேல் விழுவதை நல்லதென்று நம்புகிறார்கள். 752இல் தொடங்கிய இந்தச் சடங்கு இதுவரை ஓர் ஆண்டுகூட நின்றதில்லை. கோயில் எரிந்து சாம்பலான ஆண்டுகளிலும் நடந்திருக்கிறது. குளிர் இருக்கும்; கம்பளி எடுத்துக்கொள்ளுங்கள்.

பழம்பொருட்களில் ஆர்வம் இருந்தால் அக்டோபர் கடைசி, நவம்பர் முதல் வாரங்களைப் பாருங்கள். ஷோசோஇன் என்னும் 8ஆம் நூற்றாண்டுக் கருவூலத்தின் பொருட்கள் ஆண்டுக்கு ஒருமுறை, இரண்டு வாரம் மட்டும், நாரா தேசிய அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வரும். அதற்கு நாளும் நேரமும் குறித்த டிக்கெட்டை முன்கூட்டியே வாங்கிவிட வேண்டும்.

படி 2: விசா, பணம்

இந்தியக் கடவுச்சீட்டுக்கு விசா கட்டாயம். சுற்றுலாவுக்கு இப்போது மின்விசா தருகிறார்கள். இந்தியாவில் விசா விண்ணப்ப மையம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். ஒன்றை மறக்காதீர்கள்: இந்த விசாவை விமான நிலையத்தில் இணைய இணைப்போடு கைப்பேசியில் திறந்து காட்டச் சொல்வார்கள். அச்சிட்ட தாளோ திரையைப் படம்பிடித்த (ஸ்கிரீன்ஷாட்) நகலோ செல்லாது. ஆகவே விமானத்தில் ஏறும் முன்பே கைப்பேசியில் இணையம் வேலை செய்கிறதா என்று பார்த்துவிடுங்கள். சிங்கப்பூர்க் கடவுச்சீட்டும் மலேசிய மின்கடவுச்சீட்டும் வைத்திருப்பவர்களுக்குக் குறுகிய காலச் சுற்றுலாவுக்கு விசா தேவையில்லை. குடியேற்ற, சுங்கப் படிவங்களை ‘விசிட் ஜப்பான் வெப்’ தளத்தில் நிரப்பி கியூஆர் கோடு வாங்கிக்கொண்டால் வரிசையில் நின்று பேனா தேட வேண்டியதில்லை.

ஜப்பான் என்றால் எல்லாம் கார்டு, எல்லாம் எந்திரம் என்று நினைத்துப் போகாதீர்கள். கோயில் நுழைவுச் சீட்டு, சிறு உணவுக்கடை, மான் பிஸ்கட் ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் ரொக்கம்தான். நம் கார்டுகள் கன்வீனியன்ஸ் கடைகளில் உள்ள ஏடிஎம்களில் வேலை செய்யும். சில்லறை போட ஒரு சுருக்குப்பை இருந்தால் வசதி. ஐந்து யென் நாணயங்களைச் செலவழிக்காமல் சேர்த்துவையுங்கள். நடுவில் துளையுள்ள அந்த நாணயத்தின் பெயரான ‘கோ-என்’ என்பதற்கு நல்ல தொடர்பு, பந்தம் என்றும் பொருள் வரும். உண்டியலில் போட அதைத்தான் விரும்புவார்கள்.

படி 3: நாராவை அடைவது

நாராவில் விமான நிலையம் இல்லை, ஷின்கான்சென் எனும் புல்லட் ரயில் நிலையமும் இல்லை. சென்னையிலிருந்து சிங்கப்பூர், கோலாலம்பூர், பாங்காக் போன்ற ஏதோ ஓர் ஊர் வழியாக ஒசாகாவின் கன்சாய் விமான நிலையத்தில் இறங்குவது வசதி. அங்கிருந்து நாராவுக்கு நேரடிப் பேருந்து உண்டு. ஒன்றரை மணி நேரம். மூட்டை முடிச்சுகளோடு வருபவர்களுக்கு அதுவே மேல்.

ரயிலில் வருவதென்றால் ஒரு விஷயத்தை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். நாராவில் இரண்டு நிலையங்கள். ஒன்று ஜே.ஆர். (ஜப்பான் ரயில்வே) நாரா. மற்றொன்று கின்டெட்சு என்ற தனியார் ரயில் நிறுவனத்தின் நிலையம்; தரைக்கு அடியில் இருக்கிறது. மான்களும் கோயில்களும் கின்டெட்சு நிலையத்துக்கே அருகில். ஜே.ஆர். நிலையத்திலிருந்து பூங்காவுக்கு நடக்க இன்னும் கால் மணி நேரம் கூடுதலாகும்.

கியோட்டோவிலிருந்து கின்டெட்சு சிறப்பு விரைவு ரயிலில் சுமார் 35 நிமிடம். அதற்கு வழக்கமான கட்டணத்துக்கு மேல் தனியாக ஒரு சீட்டு வாங்க வேண்டும். சாதாரண விரைவு ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடும், கூடுதல் சீட்டு வேண்டாம். ஜே.ஆரின் ‘மியாகோஜி’ விரைவு ரயிலும் சுமார் 45 நிமிடமே. ஒசாகாவின் நம்பா நிலையத்திலிருந்து கின்டெட்சுவில் சுமார் 40 நிமிடம்.

நாடு முழுவதற்குமான ஜே.ஆர். பாஸ் வாங்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். 2023 அக்டோபரில் ஏழு நாள் பாஸ் 50,000 யென் ஆனது. கியோட்டோ, ஒசாகா, நாரா மட்டும் சுற்றுபவருக்கு அது வீண்செலவு. போதாக்குறைக்கு அந்த பாஸ் கின்டெட்சு ரயிலில் செல்லாது. ‘இகோகா’ கார்டு ஒன்றை வாங்கிப் பணம் ஏற்றிவைத்துக்கொள்ளுங்கள். ரயில், பேருந்து, கன்வீனியன்ஸ் கடை எல்லாவற்றுக்கும் அது போதும்.

படி 4: எங்கே தங்குவது

கின்டெட்சு நிலையத்துக்கும் நாராமாச்சிக்கும் இடைப்பட்ட பகுதியில் அறை பாருங்கள். நாராமாச்சி என்பது பழைய வணிகர் குடியிருப்பு. மரச்சட்டங்கள் வைத்த முகப்பு வீடுகள் சில இப்போது விடுதிகளாகிவிட்டன. பாய் விரித்த தரையில் மெத்தை போட்டுத் தூங்க முதுகு இடம் கொடுக்காதவர்கள் நிலையத்தருகே சாதாரண ஹோட்டல் எடுத்துக்கொள்ளலாம். வெளியூர்க்காரர்கள் மாலையில் கிளம்பிவிடுவதால் உணவகங்களும் சீக்கிரம் மூடிவிடும். இரவுச் சாப்பாட்டை ஏழு மணிக்கு முன்பே முடிக்கப் பாருங்கள். ஒன்பது மணிக்கு ஊர் அடங்கிவிடும்.

பெரிய பெட்டிகளைக் கியோட்டோவிலிருந்தே அடுத்த ஊருக்கு அனுப்பிவிடலாம். ‘தக்யூபின்’ என்று கேட்டால் ஹோட்டல்காரர்களே ஏற்பாடு செய்வார்கள். பெரும்பாலும் மறுநாள் போய்ச் சேரும்.

படி 5: முதல் நாள் காலை, தோதாய்ஜி

இனிதான் விஷயமே. ஆறரைக்கு அறையை விட்டுக் கிளம்புங்கள். கின்டெட்சு நிலையத்தின் முன் நீரூற்றின் நடுவே ஒரு துறவியின் சிலை நிற்கும். ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் சந்திக்கக் குறிப்பிடும் இடம் அது. கியோகி என்ற அந்தத் துறவி ஊர் ஊராகப் போய்ப் பெரிய புத்தருக்கு நன்கொடை திரட்டியவர். அவரைப் பார்த்துவிட்டுக் கிழக்கே நடந்தால் இருபது நிமிடத்தில் நந்தைமோன் என்னும் பெருவாயில்.

710இலிருந்து 784 வரை, நடுவில் ஐந்து ஆண்டுகள் தவிர, நாராதான் ஜப்பானின் தலைநகர். அந்த நாட்களில் 735 தொடங்கி 737 வரை பெரியம்மை நாட்டைச் சூறையாடியது. அரசையே நடத்திவந்த ஃபுஜிவாரா சகோதரர்கள் நால்வரும் 737இல் ஒருவர்பின் ஒருவராக மாண்டார்கள். பஞ்சம், கலகம் வேறு. மனமுடைந்த பேரரசர் ஷோமு 743இல் எடுத்த நேர்ச்சைதான் இந்தப் பெரிய புத்தர். சுமார் 500 டன் செம்பு இதற்கு வார்க்கப்பட்டது.

752இல் சிலைக்குக் கண் திறக்கும் சடங்கு. தூரிகை பிடித்துக் கண்மணி தீட்டியவர் போதிசேனர். 736இல் சீனா வழியாக ஜப்பான் வந்து சேர்ந்த இந்தியத் துறவி. அவர் மறைந்த பின் எழுதப்பட்ட கல்வெட்டு அவரைத் ‘தென்னிந்தியப் பிராமணத் தலைமைத் துறவி’ என்று குறிப்பிடுகிறது. அவர் பிடித்த தூரிகையில் நீண்ட நீலக் கயிறுகளைக் கட்டி, கூடியிருந்தவர்கள் அவற்றைப் பற்றிக்கொண்டார்கள். கண் திறந்த புண்ணியம் எல்லோருக்கும் சேர வேண்டுமல்லவா! அந்தத் தூரிகையும் கயிறும் ஷோசோஇன் கருவூலத்தில் இன்றும் இருக்கின்றன. நம் தேர்வடத்தைத் தொட்டவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

பெருவாயிலில் நில்லுங்கள், பலர் மானைப் படமெடுத்தபடியே இதைக் கடந்துவிடுகிறார்கள். இரு பக்கமும் 8.4 மீட்டர் உயரத்தில் இரண்டு மரத் துவாரபாலகர்கள். உன்கெய், கைகெய் என்ற சிற்பிகளின் குழு 1203இல் 69 நாட்களில் செய்து முடித்தது. ஒருவர் வாய் திறந்திருக்கும், மற்றவர் வாய் மூடியிருக்கும். திறந்த வாய் ‘அ’ என்கிறது, மூடிய வாய் ‘ஹூம்’ என்று முடிக்கிறது. சமஸ்கிருத எழுத்து வரிசையின் தொடக்கமும் முடிவும் இப்படி வாயில்காப்போரின் முகத்தில் ஏறியிருக்கின்றன. காலை வெளிச்சம் போதாதென்றால் கைப்பேசி விளக்கை அடிக்காதீர்கள். கொஞ்சம் பொறுங்கள்; கண் பழகியதும் புடைத்த நரம்புகள் தெரியும்.

புத்தர் மண்டபம் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை 7.30க்கும், மற்ற மாதங்களில் 8 மணிக்கும் திறக்கும். கட்டணம் 800 யென். திறக்கும் நேரத்தில் வாசலில் இருந்தால் முதல் அரைமணி நேரம் மண்டபம் கிட்டத்தட்ட உங்களுக்கே. முன்முற்றத்தில் உள்ள எண்கோண வெண்கல விளக்கைக் கவனியுங்கள். 1180இலும் 1567இலும் போர்த்தீயில் மண்டபம் எரிந்தது. விளக்கு 8ஆம் நூற்றாண்டிலிருந்து அங்கேயே நிற்கிறது. இப்போதுள்ள மண்டபம் 1709இல் முடிந்தது. அகலம் 57 மீட்டர். பழையது 86 மீட்டர் இருந்ததாம். காசும் மரமும் போதாமல் குறுக்கிவிட்டார்கள். குறுக்கியதே இப்படி!

உள்ளே புத்தர் ஏறக்குறைய 15 மீட்டர் உயரத்தில் அமர்ந்திருக்கிறார். இவர் பிரபஞ்ச புத்தரான வைரோசனர், ஜப்பானியர் வாயில் ‘பிருஷனா’. தலை 17ஆம் நூற்றாண்டில் திரும்பச் செய்தது. உடலின் மற்ற பகுதிகளும் பல காலத்து ஒட்டு. பீடத்துத் தாமரை இதழ்களில் சில மட்டும் முதல் வார்ப்பிலிருந்து தப்பியவை. அவற்றில் ஊசியால் கீறியதுபோல் புத்தர்களும் உலகங்களும் வரையப்பட்டிருக்கின்றன. பின்புறம் ஒரு தூணின் அடியில் துளை உண்டு. புத்தரின் நாசித்துவாரத்தின் அளவு என்பார்கள். அனுமதிக்கும் வேளைகளில் குழந்தைகள் சரசரவென்று நுழைந்து வெளிவருவார்கள். தொப்பையுள்ள பெரியவர்கள் முயல வேண்டாம். உள்ளே மாட்டி, காலைப் பிடித்து இழுக்கப்பட்டவரை என் கண்ணால் பார்த்தேன்.

வெளியே வலப்பக்கம் சிவப்புத் துணி போர்த்திய மர உருவம் ஒன்று உட்கார்ந்திருக்கும். புத்தரின் சீடர் பிண்டோல பாரத்துவாஜர். அவரது முழங்காலைத் தொட்டுவிட்டு நம் முழங்காலைத் தொட்டால் வலி போகும் என்பது நம்பிக்கை. அவருக்கு முழங்கால்தான் அதிகம் தேய்ந்திருக்கிறது.

கூட்டம் சேர்வதற்குள் கிழக்கே ஏறி நிகாட்சுதோ மாடத்துக்குப் போய்விடுங்கள். கட்டணம் இல்லை, நேரக் கட்டுப்பாடும் இல்லை. ஊர் முழுதும் காலடியில் தெரியும். சாயங்காலம் சூரியன் மறையும்போது ஒருமுறை திரும்ப வாருங்கள். இதுவரை நான் பார்த்த ஜப்பானில், காசு கொடுக்காமல் பார்த்த மிகச் சிறந்த காட்சி அது.

படி 6: மான்களோடு நடந்துகொள்வது

பூங்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மான்கள். வளர்ப்பு மான்கள் அல்ல, காட்டு மான்கள். 1957 முதல் இயற்கை நினைவுச் சின்னமாகப் பாதுகாக்கப்படுகின்றன. கசுகா கோயிலின் தெய்வம் தூரத்து காஷிமாவிலிருந்து வெள்ளை மான்மேல் ஏறி வந்தது என்பது தலபுராணம்.

‘ஷிகா செம்பெய்’ என்ற பிஸ்கட் கட்டு 200 யென். அரிசித் தவிடும் கோதுமை மாவும் மட்டும். வேறு எதையும் மானுக்குத் தரக் கூடாது. வாங்கியதும் தாமதிக்காமல் கொடுத்துவிடுங்கள். தலைக்குமேல் தூக்கிப் பிடித்துப் போக்குக் காட்டினால் முட்டும், சட்டையைக் கடிக்கும். நீங்கள் குனிந்து வணங்கினால் அதுவும் தலை தாழ்த்தும். பிஸ்கட் தீர்ந்ததும் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டுங்கள், புரிந்துகொண்டு போய்விடும். காகிதம், துப்பட்டா, முந்தானை ஆகியவை அதன் கண்ணில் தீனிதான். மே முதல் ஜூலை வரை குட்டி ஈன்ற தாய்மான்களிடமும், இலையுதிர் காலத்தில் கொம்புள்ள ஆண்களிடமும் நெருங்காதீர்கள்.

பிளாஸ்டிக் பையைக் கீழே விடவே கூடாது. 2019இல் இறந்த மான்கள் சிலவற்றின் வயிற்றில் கிலோக்கணக்கில் பிளாஸ்டிக் இருந்தது. குப்பைத் தொட்டி எளிதில் கிடைக்காது; உங்கள் குப்பை உங்கள் பையிலேயே அறைக்குத் திரும்ப வேண்டும்.

படி 7: கசுகா தைஷா, கோஃபுகுஜி, நாராமாச்சி

நிகாட்சுதோவிலிருந்து தெற்கே காட்டோரமாக நடந்தால் கசுகா தைஷா. 768இல் எழுந்த, ஜப்பானின் பூர்வ சமயமான ஷின்தோவின் கோயில். வழிநெடுகப் பாசி படிந்த கல்விளக்குகள், உள்ளே வெண்கலத் தூங்குவிளக்குகள். மொத்தம் சுமார் மூவாயிரம். பிப்ரவரி தொடக்கத்தில் செட்சுபுன் நாளன்றும், ஆகஸ்ட் 14, 15 தேதிகளிலும் எல்லாவற்றையும் ஏற்றுவார்கள். நம் கார்த்திகையை நினைத்துக்கொள்ளலாம். மற்ற நாட்களில் சிறு கட்டணம் கட்டி உட்பிரகாரம் போனால் ஓர் இருட்டறையில் சில விளக்குகளை ஏற்றி வைத்திருப்பதைப் பார்க்கலாம். பின்னால் உள்ள மலைக்காட்டில் 841 முதலே வேட்டைக்கும் மரம் வெட்டவும் தடை. நகரத்தை ஒட்டிய கன்னிக்காடு அது.

இங்கே வணங்கும் முறை வேறு. ஷின்தோ கோயிலில் இருமுறை குனிந்து, இருமுறை கைதட்டி, ஒருமுறை குனிய வேண்டும். பௌத்தக் கோயிலில் கைதட்டக் கூடாது. நம்மைப்போல் கைகூப்பினால் போதும்.

மதியத்துக்கு மேல் கோஃபுகுஜி. இதன் ஐந்தடுக்குக் கோபுரம் 50 மீட்டர் உயரம், 1426இல் கட்டியது. அஞ்சலட்டைகளில் எல்லாம் வரும் அந்தக் கோபுரம் இப்போது பெரும் பழுதுபார்ப்பில் மூடப்பட்டிருக்கிறது. வேலை முடியப் பல ஆண்டுகள் ஆகும். ஏமாற வேண்டாம், இங்கே பார்க்க வேண்டியது கருவூல அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 734இல் துணியையும் அரக்கையும் அடுக்கடுக்காக ஒட்டிச் செய்த எட்டுக் காவல் தேவர்கள். பெயர்களைப் படித்துப் பாருங்கள்: கருரா, கின்னரா, கெண்டாட்சுபா, அஷுரா. நம் கருடன், கின்னரன், கந்தர்வன், அசுரன்! அந்த அசுரனுக்கு மூன்று முகம், ஆறு மெல்லிய கை, ஒரு பையனின் உடல். புராணத்தில் நாம் படித்த அசுரனின் மீசையும் கோரைப்பல்லும் இல்லை. நெற்றி சுருங்கி, தப்பு செய்துவிட்டு அதைத் தானே உணர்ந்த பிள்ளைபோல் நிற்கிறான். அவன் முன்னால் அரைமணி நேரம் நின்றேன். இடப்பக்க முகத்தில் உதட்டைக் கடித்துக்கொண்டிருப்பது அதற்குப் பிறகே தெரிந்தது. படமெடுக்க அனுமதி இல்லை. நல்லதாயிற்று.

வெளியே வந்து 52 படிகள் இறங்கினால் சருசவா குளம். அதைத் தாண்டினால் நாராமாச்சி. வீட்டுக் கூரை ஓரங்களில் சிவப்புத் துணி பொம்மைகள் சரமாகத் தொங்கும். வீட்டுக்கு வரும் கெடுதலைத் தான் வாங்கிக்கொள்ளும் குரங்குகள் அவை. நம் ஊர்த் திருஷ்டிப் பொம்மையின் வேலையைச் செய்கின்றன. பழைய வணிகர் வீட்டைப்போலவே கட்டிய ‘கோஷி-நோ-இயே’ என்ற வீட்டை இலவசமாகத் திறந்துவைத்திருக்கிறார்கள். முகப்பு ஒடுக்கம், உள்ளே நீளம், நடுவில் முற்றம். நம் ஊர் நெசவாளர் தெரு வீடுகளைப் பார்த்தவர்களுக்கு அது அந்நியமாகத் தெரியாது. அருகிலுள்ள காங்கோஜி கோயில் கூரையில் ஓடுகளின் நிறம் ஓரிடத்தில் பழுப்பும் செம்மையுமாகக் கலைந்திருக்கும். ஜப்பானிலேயே மிகப் பழைய ஓடுகள் சில அங்கே இன்னும் மழையில் நனைகின்றன.

படி 8: இரண்டாம் நாள், நகருக்கு வெளியே

காலையில் ஜே.ஆர். ரயிலில் ஹோர்யூஜி, பன்னிரண்டு நிமிடம், பிறகு இருபது நிமிட நடை. எட்டு மணிக்குத் திறக்கும். 607இல் இளவரசர் ஷோதோகு நிறுவி, 670இல் எரிந்து, மீண்டும் எழுந்த இந்தக் கோயிலில்தான் உலகின் மிகப் பழைய மரக்கட்டடங்கள் நிற்கின்றன. கோபுரத்தின் நடுத்தூண் மரத்தை ஆராய்ந்தபோது அது 594இல் வெட்டப்பட்டது என்று தெரிந்தது. பொன்மண்டபத்தின் சுவரோவியங்களை அஜந்தாவோடு ஒப்பிடுவார்கள். 1949இல் தீயில் கருகின. அந்த அதிர்ச்சியில்தான் மறுஆண்டே பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நுழைவுக் கட்டணம் மற்ற கோயில்களைவிடக் கூடுதல். கொடுங்கள், தகும்.

மதியம் திரும்பி வந்து, கின்டெட்சு ரயிலில் யமாட்டோ-சைதைஜியில் மாறி, நிஷினோக்யோ நிலையத்தில் இறங்குங்கள். வாசலிலேயே யாகுஷிஜி. கிழக்குக் கோபுரம் 730ஆம் ஆண்டினது. மூன்றடுக்குதான், இடைக்கூரைகளால் ஆறுபோல் தெரியும். உள்ளே மருத்துவ புத்தரின் பீடத்தைப் பாருங்கள். மேலே கிரேக்கத் திராட்சைக் கொடி, அதன்கீழ் பாரசீகப் பூவேலை, நடுவே இந்தியச் சாயலில் அரை ஆடை உருவங்கள், அடியில் சீனத்துத் திசைவிலங்குகள். பட்டுப்பாதை முழுவதும் ஒரே பீடத்தில்.

வடக்கே பத்து நிமிடம் நடந்தால் தோஷோதாய்ஜி. சீனத் துறவி கன்ஜின் ஐந்துமுறை முயன்று தோற்று, பார்வையை இழந்து, ஆறாம் முறை 753இல் ஜப்பானில் கரையேறினார். 759இல் அவர் நிறுவிய கோயில் இது. முகப்பில் நடு வீங்கிய எட்டுத் தூண்கள். மாலை நாலு மணிக்கு அந்தத் தூண்களின் நிழல் விழும் மேடையில் பெரும்பாலும் யாரும் இருக்கமாட்டார்கள். இந்த ஊரில் ஒரே ஒரு இடம்தான் பார்க்க முடியும் என்றால் நான் பெரிய புத்தரை விட்டுவிட்டு இங்கேதான் வருவேன்.

படி 9: சாப்பாடு

அசைவம் சாப்பிடுபவர்களுக்குச் சிக்கலில்லை. சீமைப்பனிச்சை எனப்படும் பெர்சிமன் மரத்தின் இலையில் சுற்றிய கானாங்கெளுத்திச் சோறு, ‘காக்கினோஹா-சுஷி’, கடலில்லாத நாராவின் கண்டுபிடிப்பு. உப்பிட்ட மீனும் இலையும் சேர்ந்து கெடாமல் காத்தன.

சைவர்கள் கவனிக்க வேண்டியது ‘தாஷி’. அது மீன்சாற்றுத் தண்ணீர்; காய்கறி சூப், நூடுல்ஸ், தோய்த்துச் சாப்பிடும் சாறு, எல்லாவற்றிலும் அது இருக்கும். “சைவம்” என்று சொன்னால் இறைச்சித் துண்டை மட்டும் எடுத்துவிட்டுக் கொண்டுவந்து வைப்பார்கள். ‘நிகு மோ சகானா மோ தபேமசென்’, அதாவது இறைச்சியும் மீனும் சாப்பிடமாட்டேன் என்று சொல்லுங்கள். தாஷியைத் தனியாகக் கேளுங்கள். ‘சாகாயு’ உங்களுக்கு உதவும்: வறுத்த தேயிலை நீரில் வெந்த அரிசிக் கஞ்சி, நாராவின் காலை உணவு. ஊறுகாய் மட்டும் தொட்டுக்கொண்டால் நம் பழைய கஞ்சியின் தூரத்து உறவு. ‘நாராசுகே’ ஊறுகாய் அரிசி மதுவின் சக்கையில் ஊறியது என்பதால் மது தொடாதவர்கள் தவிர்க்கவும். துறவிகளின் மரபான சைவ உணவு ‘ஷோஜின் ரியோரி’. விலை அதிகம், முன்பதிவு வேண்டும். கன்வீனியன்ஸ் கடையில் புளிப்புப் பழம் வைத்த ‘உமே’ சோற்றுருண்டை அவசரத்துக்கு நல்ல துணை. மேலுறையில் பொருட்பட்டியலை மொழிபெயர்ப்புச் செயலியால் படித்துவிட்டு வாங்குங்கள்.

படி 10: கிளம்பும் நாள்

அரைநாள் மிச்சமிருந்தால் கின்டெட்சு நாரா பாதையில் தோமியோ நிலையத்தில் இறங்கி ரியோசென்ஜி கோயிலுக்குப் போங்கள். பெரிய புத்தருக்குக் கண் திறந்த போதிசேனர் 760இல் இறந்து அந்த மலையில்தான் அடக்கமானார். பீகாரில் புத்தர் போதித்த கழுகுமலையை அந்த இடம் நினைவூட்டியதால்தான் கோயிலுக்கு அந்தப் பெயர் என்கிறார்கள். நான் போனபோது கோயிலின் ரோஜாத் தோட்டத்தில் கூட்டம். கல்லறைப் பக்கம் நான் ஒருவன் மட்டும்.

ஒசாகாவுக்கோ கியோட்டோவுக்கோ திரும்பும்போது கின்டெட்சுவில் ஏறினால் வலப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள். ஷின்-ஓமியா நிலையம் கடந்ததும் ரயில் பழைய அரண்மனை மைதானத்தின் நடுவே ஓடும். வலது கையில் 2010இல் மீட்டுக் கட்டிய அரசவை மண்டபம் புல்வெளிக்கு அப்பால் தெரியும். இடப்பக்கம் சுசாகு வாயில், 1998இல் எழுப்பியது. இரண்டையும் பார்க்க நினைத்தால் கதவருகே நின்றுகொள்ளுங்கள். சற்று நேரத்தில் சைதைஜி நிலையம் வந்துவிடும்.